கீழே பார்க்கும் கண்

எங்கள் ட்ரோனுக்கு இரண்டு வீடுகள். ஒன்று ராஜபாளையத்தில் என் வீடு. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சகலை வீடு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்பதால், ஒரு வாரம் இங்கே ஒரு வாரம் அங்கே என்று பையில் படுத்தபடி பஸ்ஸிலும் பைக்கிலும் அது போய்வந்துகொண்டிருக்கும். "ரெண்டு பொண்டாட்டி கட்டுனவன் கணக்கா அலையுது பாரு" என்பாள் என் மனைவி. அவளுக்கு அதன் மேல் கோபமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுக்கப் போக வேண்டிய நேரத்தில் நான் அதன் இறக்கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அவள் குறை. இறக்கைக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவள் காதில் வாங்கியதில்லை.

நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷின் நின்ற பிறகு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது. நிற்பதற்கு முன்னாலேயே போய்க் காது கொடுத்துக் கேட்கிற ஆள் நான். அதனால் மில்லில் எனக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை நிறுத்தித் துடைக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? போதாததற்கு எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். சரியில்லை என்று பட்டால் பட்டென்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று யோசிப்பேன்.

மில்காரன் ட்ரோன் வைத்திருப்பதில் ஒரு தொல்லை உண்டு. பஞ்சுத் தூசி. குளித்துவிட்டு வந்தாலும் காது மடலிலோ கைக்கடிகார வாரிலோ எங்காவது ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ட்ரோன் மோட்டாருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் மோட்டார் சூடாகும், ஒரு நாள் நடுவானத்தில் கையை விரித்துவிடும். அதனால் வேலைச் சட்டையோடு அந்தப் பையைத் திறக்கவே மாட்டேன். சட்டையை மாற்றி, கையைக் கழுவி, சாமான் அறையில் பழைய வேட்டியை விரித்து உட்காருவேன். முதலில் ரப்பர் பந்தை அமுக்கி நாலு மோட்டாருக்குள்ளும் காற்று அடிப்பேன். பிறகு என் மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பவுடர் பிரஷால் இடுக்கெல்லாம் தட்டுவேன். ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றிவிட்டுப் பார்ப்பேன். நல்ல மோட்டார் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்கும். உள்ளே மண் இருந்தால் விரலிலேயே நறநறவென்று தெரியும். இறக்கையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத வெட்டும் நகத்துக்குத் தெரிந்துவிடும். பேட்டரியைக் கண்ணாடி மேல் படுக்கவைத்து ஒரு தட்டு. ஆடினால் வயிறு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதை அப்படியே ஓரம் கட்டிவிட வேண்டியதுதான். இதையெல்லாம் செய்கிறபோது எனக்கு மனசு நிறைந்து இருக்கும். பறக்கவிடுவதைவிட இதுதான் எனக்குப் பிடித்தது என்று சொன்னால் சகலை சிரிப்பான்.

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருசக்கர வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிற கடை வைத்திருக்கிறான். கை வேகம், கால் வேகம், வாய் மட்டும் நிதானம். என்னை "அண்ணே" என்பான், குஷியாக இருந்தால் "சகல" என்பான். "அண்ணே, நீங்க தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது மலைக்கு அந்தப் பக்கம் எறங்கிரும். செத்த நேரம் பறக்கவும் விடுங்க" என்று பைக்கில் உட்கார்ந்தபடியே கத்துவான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மில்லில் கூட வேலை பார்க்கிறவர்களோடு மில் பேச்சு மட்டும்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இவன்தான் என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். "அப்ப நான்?" என்று அவள் கேட்டது தனிக் கதை.

பறக்கவிடுவதற்கு மம்சாபுரம் போகிற வழியில் ஓர் இடம் வைத்திருக்கிறோம். கண்மாய்க் கரையை ஒட்டின தரிசு, அதற்கு அடுத்து சகலையின் சிநேகிதர் ஒருவருடைய தென்னந்தோப்பு. கோபுரத்தை மேலிருந்து எடுக்க வேண்டும் என்று சகலைக்கு ஆரம்பத்தில் ஓர் ஆசை இருந்தது. கோயில் பக்கமும் மூச்சுவிடக் கூடாது, புலி இருக்கிற மலைப் பக்கமும் திரும்பக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். போனில் மேப்பைத் திறந்து, நிற்கிற இடத்தில் பறக்க அனுமதி உண்டு என்று காட்டிய பிறகுதான் பையின் ஜிப்பையே திறக்க விடுவேன்.

திறந்த பிறகு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன், அவன் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வான்.

"எறக்கை?"

"டைட்டு."

"பேட்டரி?"

"புல்லு. லாக்கு விழுந்துருச்சு."

"கேமரா மூடி?"

"எடுத்தாச்சு."

"கீழ?"

எனக்குக் கழுத்து வலி உண்டு, அண்ணாந்து பார்க்க முடியாது. அதனால் கீழ்ப்பக்கம் மட்டும் முழுசாக அவன் பொறுப்பு. ட்ரோனைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்பான். அந்த வயிற்றில்தான் இரண்டு சின்னக் கண்ணாடிக் கண்கள் இருக்கின்றன. வெட்டவெளியில் பறக்கும்போது வானத்தில் இருக்கிற சாட்டிலைட்டைப் பிடித்துக்கொண்டு ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். மரத்துக்கு அடியில், கூரைக்கு அடியில் சாட்டிலைட் சரியாகக் கிடைக்காது. அப்போது அந்தக் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே அதை நகராமல் நிறுத்திவைக்கும். அதில் தூசி படிந்தால் நிற்கிற ட்ரோன் காற்று தள்ளுகிற பக்கம் போய்விடும்.

எப்போதாவது ஒரு நாள் திசைகாட்டியைச் சரிசெய்யச் சொல்லி போனில் எழுத்து வரும். அப்போது ட்ரோனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்ற வேண்டும், பிறகு அதை நட்டுக்குத்தலாகப் பிடித்து இன்னொரு சுற்று. ஒருமுறை நான் சுற்றிக்கொண்டிருந்தபோது கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "ஏ அய்யா, இவியளுக்கு எந்தச் சாமி வருது?" என்று சகலையிடம் கேட்டாள். "அது இனிமேத்தான் தாயி தெரியும்" என்றான் அவன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வீட்டில் நான் கோபப்பட்டால் போதும், சாமி வந்துவிட்டது என்பார்கள்.

அந்த வருடம் ஆவணியில் என் கொழுந்தியாளுக்கு, அதாவது சகலையின் மனைவிக்கு, வயிற்றில் கட்டி என்று மதுரையில் வைத்து ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வடை தின்றோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவள் படுக்கையை விட்டு எழவில்லை. புண் ஆறிவிட்டது. எழுந்து நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போய்விட்டது. பாத்ரூமுக்குக்கூட சகலையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள், வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் போனால் "அத்தான் வாங்க" என்று வாசலிலேயே ஒரு கிண்டலோடு வரவேற்கிறவள், என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். என் மனைவி திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

சகலை கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு வீட்டோடு கிடந்தான். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கின்றன. சமைத்து, துவைத்து, மருந்து கொடுத்து, மீதி நேரத்தில் அவன் என்ன செய்வான்? அந்த வாரம் எனக்கு வர வேண்டிய ட்ரோனை, "ஓங்கிட்டயே இருக்கட்டும்யா, வீட்டுக்குள்ள உக்காந்து நல்லாத் தொடைச்சு வையி" என்று அவனிடமே விட்டுவைத்தேன். அடுத்த வாரமும் கேட்கவில்லை. நான் பாட்டுக்குப் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை அவன் நிஜமாகவே செய்துகொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆயுத பூஜை வந்து போனது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே போன் போட்டு, "வாங்கண்ணே, பறக்கவிடுவோம்" என்றான். குரலில் பழைய சகலை இருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நேராகக் கண்மாய்க் கரைக்குப் போய்விட்டேன்.

வழக்கம்போலக் கேட்டேன். இறக்கை, பேட்டரி, மூடி எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "கீழ?" என்றேன். தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். "பாத்தாச்சு" என்று சொல்லித் தரையில் வைத்தான்.

நான்தான் ஓட்டினேன். கண்மாயில் பாதித் தண்ணீர் நின்றது. கொக்குகள் கலையாத உயரத்தில் ஒரு சுற்று வந்தேன். மழைக்கு முந்தைய வெயில், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த உற்சாகத்தில் தென்னந்தோப்புக்குள் இரண்டு வரிசைக்கு நடுவே தாழப் பறக்கவிட்டுப் படம் எடுக்கலாம் என்று தோன்றியது. பலமுறை எடுத்திருக்கிறோம், புதிது இல்லை.

"அண்ணே, உள்ள வேண்டாம்" என்றான் சகலை.

"எலே, நீயா சொல்லுத?" என்று சிரித்தேன். அப்படிப் போகச் சொல்லி எப்போதும் நச்சரிக்கிறவன் அவன்தான்.

"இன்னைக்கு வேண்டாம்ணே. வெளியவே விடுங்க."

நான் கேட்கவில்லை. மட்டைகளுக்கு அடியில் போனதும் நிறுத்தி, படத்தை அமுக்கப் போனேன். கையை எடுத்த பிறகும் ட்ரோன் நிற்கவில்லை. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி பக்கவாட்டில் நழுவியது. நான் ரிமோட் குச்சியைத் திருப்புவதற்குள் மரத்தில் மோதி, உரிமட்டைக் குவியலில் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தபோது மோட்டாரைத் தாங்குகிற ஒரு கை ஒடிந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இறக்கையைக் காணவில்லை.

எனக்குக் கண் மண் தெரியாத கோபம். "கீழ பாத்தியா?" என்று கத்தினேன்.

"பாத்தேன்."

"பாத்து என்னத்தக் கிழிச்ச? நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குது. மாசக்கணக்கா ஓங்கிட்டதான கெடந்துச்சு? ஒழுங்காத் தொடைச்சு வைக்கத் துப்பில்ல. ஓங் கையில குடுத்தா எதுவுமே உருப்படாதுடா."

இப்படித்தான் என் வாய். அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடைந்த இறக்கையைத் தேடி எடுத்து ட்ரோன் பையில் வைத்து என்னிடம் கொடுத்தான், பைக்கைக் கிளப்பினான், போய்விட்டான். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் போட்டால் எடுத்து, "கடையில ஆள் நிக்குதுண்ணே" என்று வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? வீறாப்பில் நானும் அப்புறம் கூப்பிடவில்லை. ஆனால் சாயங்காலமானால் கால் தானாக வாசலுக்குப் போகும். அவன் பைக் சத்தத்தை எனக்குத் தெருமுனையிலேயே தெரியும். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் எரிச்சலாக வரும். என் வயதில் ஒரு சிநேகிதன் போய்விட்டால் இனி எங்கே போய்ப் புதிதாகப் பிடிப்பது? அதை நினைத்தால் மில்லில் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வருடா வருடம் இரண்டு குடும்பமும் என் வீட்டில்தான் கூடும். "தங்கச்சி இப்ப நல்லா நடமாடுதா, சமைக்கவும் செய்யுதாளாம். எம்புட்டுச் சந்தோசமா வர வேண்டிய நேரம்" என்றாள் என் மனைவி. "அவிய வரலைன்னா நான் அங்க போயிருவேன். நீங்க ஒங்க மோட்டாரக் கட்டிக்கிட்டுக் கெடங்க." அவள் சொன்னால் செய்வாள்.

சென்னையிலிருந்து கூரியரில் புதிய கை வந்தது. மில்லில் லீவு போட்டுவிட்டு வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். பழைய கையைக் கழற்றுவதற்காக ட்ரோனைக் குப்புறக் கவிழ்த்தேன். அப்போதுதான் அதன் வயிற்றை நான் பார்க்கிறேன். இரண்டு கண்களையும் சேர்த்து மூடினபடி, மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு துளி. மோந்து பார்த்தேன். சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு.

நம் வீடுகளில் அன்றைக்கு எதற்குத்தான் பொட்டு வைப்பதில்லை? கிரைண்டருக்கு, தையல் மெஷினுக்கு, கேஸ் அடுப்புக்கு, டிவிக்கு. மில்லில் நானே ஒவ்வொரு மெஷினுக்கும் வைக்கிறவன்தான். ஆனால் சுற்றுகிற பாகத்தில் வைக்க மாட்டேன், கண்ணாடியில் வைக்க மாட்டேன். இது கண்ணிலேயே வைத்த பொட்டு. விரலால் நன்றாக அழுத்தி, ஓரத்தில் இழுபட்டு ஈசியும் விட்டிருந்தது. பட்ஸில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து, கண்ணாடியில் கீறல் விழாமல் துடைத்து எடுத்தேன். விளிம்பில் ஒட்டியிருந்ததையும் பல்குச்சியால் நோண்டி எடுத்தேன். துடைத்து முடித்ததும் இரண்டு கண்களும் பளபளத்தன. அந்த வேலையில் எனக்கு ஒரு குறை சொல்ல முடியாது.

முடித்த பிறகுதான் கோபம் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. இவ்வளவு பெரிய அப்பல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் அவன் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே பார்த்தாச்சு என்று சொல்லியிருக்கிறான். இறக்கை உடைந்தால் வாங்கிக்கொள்ளலாம். நான் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் இத்தனை நாள் அவன் இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தானோ என்று நினைத்தபோது நெஞ்சு கசந்துவிட்டது. நேரில் கேட்டுவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன். முப்பது வருடமாக மெஷின் பார்க்கிறவனிடம் பொய்யா?

கதவைத் திறந்தது கொழுந்தியாள். இளைத்திருந்தாள், ஆனால் தலைவாரிப் பூ வைத்திருந்தாள். "அத்தான் வாங்க! வழி தெரிஞ்சுச்சா, இல்ல யாரும் கொண்டாந்து விட்டாகளா?" என்றாள். அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சகலை அடுப்படி நிலையருகே வந்து, "வாங்கண்ணே" என்றான்.

"ட்ரோனு விழுந்துருச்சாமே? இவுக சொல்லவே இல்ல, அக்காதான் போன்ல சொன்னா" என்றாள் அவள். "ஒடைஞ்சது சரியாயிருச்சா?"

"ஒரு கைதான் போச்சு. புதுசு போடப் போறேன்."

"நான் பொட்டு வச்சேன்ல அத்தான், அதுதான் ஒரு கையோட விட்டிருக்கு. இல்லைன்னா முழுசாப் போயிருக்கும்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "மேல பாத்தா மொட்டையா இருந்துச்சு. முன்னாடி மூடி போட்டிருந்துச்சு. எதுடா இதுக்கு நெத்தின்னு திருப்பிப் பாத்தா, கீழ ரெண்டு கண்ணு! நடுவுல வைக்கத்தான் பாத்தேன். கை நடுங்கி ஈசிருச்சு. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, என்னங்க?"

அவளுக்குப் பின்னால் நின்ற சகலை என்னையே பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினான். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"உக்காருங்க, காப்பி போடுதேன்" என்று அவள் உள்ளே போனாள். சுவரைப் பிடிக்காமல் நடந்து போனாள். சகலை மாடிப்படியைக் காட்டினான். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். கொடியில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நீ கீழ பாத்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன்.

"பாத்தேண்ணே."

"ரெண்டு கண்ணையும் அடைச்சிருந்துச்சே."

"ஆமா. அடைச்சிருந்துச்சு."

"பொறவு ஏன்யா தொடைக்கல?"

அவன் கொடியில் கிடந்த ஒரு சேலையை நேராக இழுத்துவிட்டான்.

"ஆயுத பூஜைக்குக் காலையில நான் பாட்டுக்குச் சந்தனத்தக் கொழைச்சு வச்சிட்டுப் பூ வாங்கப் போயிட்டேன். வந்து பாத்தா அவ எந்திரிச்சு நிக்கா. யாரும் பிடிக்கல. தானா எந்திரிச்சிருக்கா. சந்தனக் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாத் தேடித் தேடிப் பொட்டு வச்சிக்கிட்டிருக்கா. மிக்ஸிக்கு, மெஷினுக்கு, என் பைக்குக்கு. வாசல்படி எறங்கிப் போய் வச்சிருக்காண்ணே. கடைசியா பையத் தொறந்து ட்ரோனுக்கு வச்சா. நான் பூவக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். கூப்பிட்டா நிறுத்திருவாளோன்னு பயம்."

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அது மறைக்கும்னு எனக்குத் தெரியாதா? கரையில வச்சுத் தூக்கிப் பாத்தப்ப, பையில தொடைக்கிற துணியும் இருந்துச்சு. ஆனா அதுல அவ விரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. தொடைக்கக் கை வரலண்ணே. வெட்டவெளியிலதான விடப்போறோம், சாட்டிலைட்டு பாத்துக்கிரும்னு நெனைச்சேன். அதான் உள்ள போகாதிய, போகாதியன்னு சொன்னேன்."

"விழுந்த ஒடனேயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே."

"சொன்னா நீங்க மதினிகிட்ட சொல்லுவிய. மதினி இவகிட்ட சொல்லுவாக. இப்பத்தான் எந்திரிச்சிருக்கா. நான் தொட்டது எதுவும் வெளங்கலன்னு அவ திரும்பவும் போய்ப் படுத்துக்கிட்டான்னா, நான் எங்கண்ணே போவேன்? நீங்க என்னைய ஏசுனா ஏசிட்டுப் போங்க. எனக்கு அது பெருசில்ல." அப்படிச் சொல்லிவிட்டு, "ஆனா எதுவும் உருப்படாதுன்னு சொன்னிய பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல" என்றான்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மறைக்க நினைக்கவும் இல்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் வாயைத் தைத்துவிட ஓர் ஊசி கண்டுபிடிக்கவில்லையே என்று இருந்தது.

"சரிண்ணே, விடுங்க" என்றான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவனாக முகத்தைத் திருப்பினான். "அந்தப் பொட்டு இன்னும் இருக்குல்ல? கை மாத்துறப்ப பாத்து மாத்துங்க. அந்த எடத்த மட்டும் ஒண்ணும் பண்ணிராதிய. நான் ஒரு போட்டோகூட எடுக்கல."

ஊறவைத்து, நோண்டி, பளபளவென்று எடுத்துவிட்டேனே.

"இல்லப்பா" என்றேன். "தொடைச்சிட்டேன்."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சேன்."

அவன் சிரித்துவிட்டான். கண்ணில் தண்ணீரும் இருந்தது. "நீங்க தொடைச்சா எங்கிட்டு மிச்சம் இருக்கும்" என்றான். மேல்துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, கொடியில் உலர்ந்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட ஆரம்பித்தான். நானும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கீழேயிருந்து கொழுந்தியாளின் குரல் கேட்டது. "காப்பி ஆறுது. ரெண்டு பேரும் மேல என்னத்தப் பறக்கவிடுதிய?"

"வாரோம்" என்று பதில் சொல்லிவிட்டு, சகலை என் பக்கம் திரும்பினான்.

"போனாப் போகுதுண்ணே" என்றான். "வச்ச ஆளு இருக்கால்ல."